பக்கெட் சீட்: தமிழில் அணையிருக்கை

வட சென்னையில் இரண்டு பேர் பக்கெட் சீட் என்று சொன்னால், இரண்டு பேரும் ஒரே பொருளைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் குஷன் வேலை செய்பவர்களிடம் போய், "அண்ணே, வண்டிக்கு பக்கெட் சீட் போடணும்" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டா பிரிக்கணுமா தம்பி, இல்ல சைடு தூக்கணுமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். இந்தச் சொல்லின் குழப்பம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

'ரெண்டா பிரிப்பது' பழைய பொருள். அம்பாசடரில் முன்பக்கம் ஒரே நீள சீட்தான் இருந்தது. கியர் தண்டு ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் நடுவில் இடைஞ்சல் இல்லை. ஓட்டுநரோடு சேர்த்து மூன்று பேர் உட்கார்ந்துவிடலாம். பிரீமியர் பத்மினியும் அப்படித்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கியர் தரையில் இருந்தது, முன்பக்க இருக்கைகள் தனித்தனியாக இருந்தன. அம்பாசடரும் 1990களில் இசுசு இன்ஜினோடு வந்தபோது தரை கியருக்கும் தனி இருக்கைக்கும் மாறியது. அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்த சீட் எதுவானாலும் அது பக்கெட் சீட். இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தாலும் பெயர் அதுதான். இன்று கிட்டத்தட்ட எல்லாக் காரிலும் முன்சீட் தனித்தனிதான் என்பதால் அந்தப் பொருளுக்கு வேலை குறைந்துவிட்டது.

'சைடு தூக்குவது' இன்றைய பொருள். தொடைக்கு இரண்டு பக்கமும், விலாவுக்கு இரண்டு பக்கமும் திண்டு போல உயர்ந்து, நடுவில் உடம்பு இறங்கி உட்காரும் இருக்கை. கார் ஆர்வலர்கள் பக்கெட் சீட் என்று ஆசையாகச் சொல்வது இதைத்தான். இந்தக் கட்டுரையும் இதைப் பற்றியதுதான். மைதானங்களில் பிளாஸ்டிக்கில் வார்த்துப் பொருத்திய நாற்காலிகளையும் பக்கெட் சீட் என்கிறார்கள்; அது வேறு கிளை, இங்கே வேண்டாம்.

சரி, பக்கெட் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் இங்கிலாந்தில் வழங்கிய பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு அடியில் 'பூக்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் உறவு இருக்கிறது. பூக் என்றால் வயிறு, குடம். தொடக்கக் கால மோட்டார் வண்டிகளில், குறிப்பாகப் பந்தய வண்டிகளில், தரைச் சட்டத்தின் மேல் ஆளுக்கு ஒரு சின்னத் தொட்டி போல இருக்கை வைத்தார்கள். முதுகுப்புறம் வளைந்து விலாவைச் சுற்றி வரும். கதவே இல்லாத வண்டி அது. திருப்பத்தில் ஆள் வெளியே விழாமல் இருக்க அந்த வளைவு ஒன்றுதான் துணை. தொட்டி போல இருந்ததால் ஆங்கிலேயர் வாளியின் பெயரை வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'சியேஜ் பாக்கே' என்கிறார்கள். பாக்கே என்றால் சின்னத் தொட்டி. ஜெர்மன்காரர்கள் கொஞ்சம் விலகி 'ஷாலன்சிட்ஸ்' என்கிறார்கள். ஷாலே என்பது மேல் ஓடு, கிண்ணம் இரண்டையும் குறிக்கும். மூன்று மொழியும் இருக்கையின் வடிவத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ச் சொல் தேடும்போது வேண்டும்.

இந்த இருக்கையை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1906இல் வில்ஹெல்ம் ராய்ட்டர் அங்கே தொடங்கியது வண்டிக்குக் கூடு கட்டும் பட்டறை. 1963இல் கூடு கட்டும் பிரிவை போர்ஷே வாங்கிக்கொள்ள, மிஞ்சிய நிறுவனம் இருக்கை செய்வதில் இறங்கியது. ராய்ட்டர் கரோசரி என்ற பழைய பெயரைச் சுருக்கி ரெக்காரோ என்று வைத்துக்கொண்டது. 1970களில் இத்தாலியில் ஓஎம்பியும் ஸ்பார்கோவும் வந்தன. ஜப்பானின் பிரைடு அதற்குப் பிறகு வந்தது. ஆர்வலர்கள் வண்டியின் பெயரைப் போலவே இருக்கையின் பெயரையும் சொல்லும் பழக்கம் இவற்றால் வந்ததுதான்.

இனி, அந்தத் திண்டுகள் செய்யும் வேலை. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் இதை அழகுக்கான சமாசாரம் என்று நினைக்கிறார்கள்.

50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். அதில் மணிக்கு 40 கிலோமீட்டரில் திரும்பினால், உடம்பு உணரும் பக்கவாட்டுத் தள்ளல் அதன் எடையில் கால்பங்கு. 70 கிலோ ஆளுக்கு 17, 18 கிலோ. அதே வளைவில் 56இல் போனால் தள்ளல் பாதி எடையாகிவிடும், அதாவது 35 கிலோ. வேகம் கூடியது 16 கிலோமீட்டர்தான். தள்ளல் இரண்டு மடங்கு. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அது ஏறும் என்பதுதான் காரணம். இந்த 35 கிலோவை யாராவது தாங்க வேண்டுமே? தட்டை இருக்கையில் மூன்று இடங்கள் தாங்குகின்றன: இடது காலை ஊன்றிக்கொள்கிறோம், வலது முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுக்கிறோம், மீதியை ஸ்டீரிங்கைப் பிடித்துத் தொங்கிச் சமாளிக்கிறோம். மூன்றாவதுதான் ஆபத்து. திருப்ப வேண்டிய கை பிடித்துக்கொள்ளும் கையாகிவிட்டால், வண்டிக்குப் போக வேண்டிய நுணுக்கமான அசைவு போகாது. உடம்பு ஆடும்போதெல்லாம் ஸ்டீரிங்கும் கூடவே ஆடும்.

திண்டு விலாவையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டால் கை விடுதலை ஆகிறது. விரல் நுனியால் திருப்பலாம். வலது கால் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் மட்டும் என்று ஆகிறது. இன்னொரு நன்மையும் உண்டு, ஓட்டிப் பார்த்தவர்கள்தான் அதைச் சொல்வார்கள்: வண்டியின் பின்பக்கம் நழுவத் தொடங்குவதைக் கண்ணை விட இடுப்பு முன்னால் கண்டுபிடிக்கும். இருக்கையில் உடம்பு தனியாக வழுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் செய்தி வந்து சேராது. இருக்கையோடு உடம்பு ஒட்டியிருந்தால் வந்து சேரும். வேகமாக ஓட்டுவதில் பக்கெட் சீட்டின் உண்மையான மதிப்பு இதுதான் என்பது என் எண்ணம்.

இதைச் சொல்லும்போது சோழவரத்தை விட்டுவிட முடியாது. செங்குன்றத்துக்கு அப்பால், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போனது நம் பக்கத்து மக்கள்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வந்த பிறகு சோழவரம் ஓய்ந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பாகம் சேர்த்துப் பூட்டியது. திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு வந்தது. இந்தப் பட்டறைகளும் அந்தப் பந்தயங்களும் இருந்த ஊர் என்பதால்தான் சேஸி, ஆக்சில், பக்கெட் சீட் எல்லாம் வட சென்னையில் பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர் வாயிலும் சரளமாக வருகின்றன. இந்தச் சொற்களை நான் குறைவாக நினைப்பதே இல்லை. தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்காக அவற்றைத் துரத்த வேண்டியதும் இல்லை.

விரட்டி ஓட்டாதவருக்கு இது எதற்கு? இந்தக் கேள்விக்கு எண்ணூர் நெடுஞ்சாலையே பதில் சொல்லும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து நின்றால், முதுகின் கீழ்ப்பகுதி வலிக்கத் தொடங்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் உடம்பு முன்னால் சறுக்குகிறது, பின்னால் தள்ளிக்கொண்டு நிமிர்கிறோம், மறுபடி சறுக்குகிறது. நல்ல பக்கெட் சீட்டில் அமரும் பகுதியின் முன்விளிம்பு சற்று உயர்ந்திருக்கும், தொடை முழுவதும் தாங்கலில் படியும், சறுக்கல் குறையும். இடுப்பு வளைவில் தாங்கல் இருந்தால் முதுகெலும்பு கூனாது. மணலிப் பக்கம் லாரிகள் அரைத்துப் போட்ட சாலையில் வண்டி இடமும் வலமும் ஆடும்போது, உடம்பை நிமிர்த்திப் பிடிக்கத் தசைகள் ஓயாமல் வேலை செய்யும். திண்டு அந்த வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நீளமாக ஓட்டிவிட்டு இறங்கும்போதுதான் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இருக்கைக்கு நன்மை செய்ய வாய்ப்புக் கொடுப்பது உட்காரும் முறை. இடுப்பைப் பின்னால் ஒட்டித் தள்ளி உட்கார வேண்டும். தோள் சாய்வில் பட்டிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீரிங்கின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். இது இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீண்.

இப்போது தமிழுக்கு வருவோம். வாளி இருக்கை என்று எழுதினால் சொல்லுக்குச் சொல் சரி, ஆனால் படிப்பவருக்குத் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து உட்காருவதுதான் தோன்றும். குழியிருக்கை வடிவத்தைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் குழி என்றால் நமக்குச் சாலைக் குழியும் சவக்குழியும்தான் முதலில் வரும். ஓட்டுநர் உட்காரும் இடத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க மனம் வரவில்லை. தனியிருக்கை முதல் பொருளுக்கு மிகப் பொருத்தம். இரண்டாம் பொருளுக்குப் போதாது. கவ்விருக்கை கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கவ்வுவது பல்லின் வேலை.

எனக்கு மனதுக்குப் பிடித்தது அணையிருக்கை. அணை என்ற ஒரே சொல்லில் தமிழ் இரண்டு பொருளை ஏற்கெனவே வைத்திருக்கிறது. பெயராக நிற்கும்போது அது படுக்கும், சாயும், அமரும் மெத்தைப் பொருள்: பஞ்சணை, தலையணை, அரியணை. அரியணை என்பதே சிங்க இருக்கைதான். வினையாக வரும்போது தழுவிப் பிடிப்பது: குழந்தையை அணைத்துக்கொண்டாள் என்கிறோம். ஆற்றின் குறுக்கே நிற்கும் அணையும் தள்ளிவரும் விசையை எதிர்த்துத் தாங்குவதுதான். அமர்வதும், தழுவுவதும், தள்ளலைத் தாங்குவதும் இந்த இருக்கையின் மூன்று வேலைகள். மற்ற மொழிகள் வடிவத்துக்குப் பெயர் வைத்த இடத்தில் தமிழ் வேலைக்குப் பெயர் வைக்கலாம். விளக்கை அணைப்பது குறுக்கே வந்து குழப்பாதா என்று கேட்டால், தலையணையில் அது குழப்பவில்லை, இங்கேயும் குழப்பாது.

அணையிருக்கை கிடைத்துவிட்டால் மற்றவை தானாக வரிசையில் நிற்கின்றன. அம்பாசடரின் பெஞ்ச் சீட் நீளிருக்கை. பிரிந்த தட்டை சீட் தனியிருக்கை. சைடு போல்ஸ்டருக்குத் தேடவே வேண்டாம். போல்ஸ்டர் என்பது ஆங்கிலத்தில் நீள உருளைத் தலையணை, அதற்கு நம் வீட்டில் இருக்கும் சொல் திண்டு. ஆக, தொடைத் திண்டு, விலாத் திண்டு. முதுகு சாய்வை மாற்ற முடியாத ஒரே வார்ப்பான பந்தய வகை சாயா அணையிருக்கை. நெம்புகோலை இழுத்துச் சாய்த்துக்கொள்ளும் வகை சாயும் அணையிருக்கை.

இந்த இரண்டில் எது யாருக்கு என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சாயா அணையிருக்கை கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையில் வார்த்தது. எடை குறைவு, பிடிப்பு மிக உறுதி. ஆனால் தினமும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நாலு முறை இறங்கி ஏறுபவருக்கு அது வேண்டாம். உயர்ந்த தொடைத் திண்டைத் தாண்டி உள்ளே போவதே பாடு. முதியவருக்கும் சேலை கட்டியவருக்கும் தொல்லை. ஓட்டுநர் இறங்கும் வலது பக்கத் திண்டுதான் முதலில் தேய்ந்து ரெக்சின் கிழியும். இடது தொடைத் திண்டு உயரமாக இருந்தால் நெரிசலில் ஓயாமல் கிளட்ச் மிதிக்கும் கால் அதில் உரசும். பெரும்பாலும் தாழ்வாகப் பொருத்துவதால் பானட்டுக்குப் பக்கத்தில் வரும் சைக்கிளும் மீன்பாடி வண்டியும் கண்ணுக்குத் தப்பும். காசிமேட்டில் காலையில் ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாயும் வகையில் திண்டு மிதமாக இருப்பதை எடுத்தால் தினசரிக்கும் ஆகும், விடுமுறை நாளில் மலைப்பாதைக்கும் ஆகும். நம் வெயிலுக்கு ரெக்சினை விடத் துணி உறை நல்லது. வியர்வை தங்காது, திருப்பத்தில் உடம்பும் வழுக்காது.

பாதுகாப்பில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல புதிய கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் முன்னிருக்கையின் விலாப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அந்த இருக்கையைக் கழற்றினால் ஏர்பேக்கும் போய்விடும். பெல்ட் பக்கிள், ஆள் உட்கார்ந்திருப்பதை அறியும் உணரி எல்லாம் அதோடு சேர்ந்தவை. நிறுவனத்தின் அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் அதைக் கேட்பார். நாலு முனை, ஆறு முனைப் பந்தயப் பெல்ட்டுகளை உருள்கூண்டு (வண்டி கவிழ்ந்தாலும் கூரை அமுங்காமல் தாங்கும் குழாய்ச் சட்டம்) இல்லாத காரில் கட்டக் கூடாது. வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால் உடம்பு சாய்ந்து தப்ப வழியில்லாமல் நிமிர்ந்தே மாட்டிக்கொள்ளும். சாலைக்கு மூன்று முனை பெல்ட்தான்.

பழைய பந்தய இருக்கை வாங்குபவர் பின்னாலிருக்கும் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரையைப் படிக்க வேண்டும். 8855-1999 என்ற தரத்தில் வந்த பந்தய இருக்கை, பொதுவாகத் தயாரித்த தேதியிலிருந்து 5 ஆண்டு வரைதான் போட்டிக்கு ஏற்கப்படும். புதியதோ பழையதோ, பணம் கொடுக்கும் முன் அதில் உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு எலும்புக்கும் திண்டுக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் போதும். முழுக் கையும் தாராளமாகப் போனால் அது உங்கள் உடம்பைப் பிடிக்காது. விரலே நுழையாவிட்டால் பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் கால் மரத்துவிடும்.