கடத்தல் வேறு, கள்ளவணிகம் வேறு

கடலூர் நண்பர் ஒருவர் தான் மொழிபெயர்த்த கட்டுரையைப் பார்த்துத் தரச் சொன்னார். கொலம்பியாவில் நடந்த லூயிஸ் கார்லோஸ் கலான் கொலை வழக்கு பற்றியது. அதிபர் தேர்தல் வேட்பாளர் அவர். 1989 ஆகஸ்ட் 18 அன்று, தலைநகர் பொகோட்டாவை ஒட்டிய சோவாச்சாவில் பிரசாரக் கூட்டத்தில் சுட்டுக் கொன்றார்கள். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "1988இல் கடத்தல்காரர்கள் பாஸ்ட்ரானாவைக் கடத்தினார்கள்." பாஸ்ட்ரானா பின்னாளில் அந்நாட்டு அதிபரானவர். முதல் கடத்தல் கொக்கெய்ன், இரண்டாவது கடத்தல் ஆள். எழுதியவருக்கு உறுத்தவே இல்லை.

இதை எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது?

கட என்றால் தாண்டு. கடத்து என்றால் தாண்டச் செய், ஒன்றை அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர். பொழுதைக் கடத்துகிறோம், செம்பு மின்சாரத்தைக் கடத்துகிறது; கடவுச்சீட்டும் இந்த வேரில் கிளைத்ததுதான். சரி, சொல்லில் குறையில்லை. இந்தச் சொல்லின் அசல் பொருளை எங்கள் ஊர்க்காரர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடைக் கடையில் காசு கொடுத்து ரசீதோடு வாங்கிய மதுப் பாட்டில், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடிக்கு வரும்போது குற்றமாகிவிடுகிறது. அங்கே சரக்கு, இங்கே வழக்கு. எல்லையைத் தாண்டியதுதான் தப்பு. இதற்குக் கடத்தல் என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆனால் கஞ்சா அந்தப் பக்கமும் குற்றம், இந்தப் பக்கமும் குற்றம். இதில் எதைத் தாண்டுவது?

ஆங்கிலத்தில் டிராஃபிக்கிங் என்பார்கள். இத்தாலிய மொழியின் டிராஃபிகோ பிரெஞ்சு வழியாக அங்கே போனது, பொருள் வியாபாரம். சாலையில் வண்டிகள் நெரிகிற டிராஃபிக் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பொருள். இது தெரியாமல் "சட்டவிரோதப் போதைப் போக்குவரத்து" என்று எழுதும் ஒரு கூட்டம் இப்போது கிளம்பியிருக்கிறது. நண்பர் கட்டுரையிலும் ஓரிடத்தில் அப்படித்தான். சிக்னலில் நிற்கும் காவலர் விசில் ஊதிப் பிடிக்க வேண்டிய குற்றம் போலிருக்கிறது! எந்திரம் மொழிபெயர்த்ததை அப்படியே ஒட்டினால் இப்படித்தான் வரும். கேட்டால் "அகராதியில் இருக்கிறதே" என்பார்கள். அகராதியில் முதல் பொருளோடு நிற்காமல் இரண்டாம் பொருளையும் பார்க்க எத்தனை விநாடி ஆகிவிடும்?

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களிடம் கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். அந்த மொழியில் 'திராஃபிக் தென்ஃப்ளுவான்ஸ்' என்று ஒரு குற்றம் உண்டு. பதவியின் செல்வாக்கைக் காசுக்கு விற்பது. 1887இல் பிரெஞ்சு அதிபர் ஜூல் கிரேவியின் மருமகன் வில்சன், அரசு விருதுகளை வாங்கித் தருவதாகப் பணம் பறித்து மாட்டிக்கொண்டார். மாமனார் பதவி விலகினார். மருமகனோ மேல்முறையீட்டில் தப்பிவிட்டார், ஏனென்றால் அதைத் தண்டிக்க அன்று சட்டமே இல்லை. 1889இல்தான் கொண்டுவந்தார்கள். இதை நம் மொழிபெயர்ப்பாளர் 'செல்வாக்குக் கடத்தல்' என்று எழுதுவாரா? எழுதினாலும் எழுதுவார்.

நம் நாட்டு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமும் இதே சொல்லை வியாபாரம் என்ற பொருளில்தான் எடுத்துக்கொள்கிறது. செடி வளர்ப்பது, தயாரிப்பது, வாங்குவது, விற்பது, கிடங்கில் வைப்பது, ஒளிப்பது, இதற்கென்று இடத்தை வாடகைக்கு விடுவது, பணம் போடுவது, ஆளுக்கு அடைக்கலம் தருவது, எல்லாமே அதற்குள் அடக்கம். கொண்டுபோவது அந்த நீண்ட பட்டியலில் ஒன்று, அவ்வளவுதான். நாம் அந்த ஒன்றின் பெயரை மொத்தத்துக்கும் வைத்துவிட்டு, பை தூக்கிய பையன் படத்தைச் செய்தியில் போடுகிறோம். பணம் போட்டவரும் அடைக்கலம் தந்தவரும் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்கள்.

கலான் வழக்கில் இதுதான் எனக்கு எரிச்சல். அதில் தண்டனை பெற்ற சாந்தோஃபிமியோ ஒரு முன்னாள் நீதித்துறை அமைச்சர். கலானைத் தீர்த்துக்கட்டும்படி கொக்கெய்ன் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரைத் தூண்டினார் என்பது வழக்கு. 2007இல் 24 ஆண்டு சிறை, மறுவருடம் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றம் பழைய தண்டனையை மறுபடி உறுதி செய்தது. கட்டுரையைப் படித்த என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, இந்த அமைச்சர் எதைக் கடத்தினார்?" எதையும் கடத்தவில்லை, அம்மா. வியாபாரத்துக்குத் துணை நின்றார்.

அப்படியானால் என்ன சொல்வது? சிலர் போதை வர்த்தகம் என்கிறார்கள். வடசொல் என்பது இருக்கட்டும். வர்த்தகம் என்றதும் சங்கம், சந்தா, ஆண்டுவிழா என்று மரியாதையாகத் தோன்றுகிறது. என் ஓட்டு கள்ளவணிகத்துக்கு. 'வணிகம் மட்டும் சுத்தத் தமிழா' என்று ஒருவர் மடக்கினார். அழகர்மலைக் குகையின் பழங்கல்வெட்டிலேயே உப்பு விற்றவரும் கொழு, அதாவது கலப்பையின் இரும்பு முனை, விற்றவரும் வணிகர்தான். இரண்டாயிரம் ஆண்டு நம்மோடு குடியிருந்ததை இனி யாரும் வெளியே அனுப்ப முடியாது. முன்னால் நிற்கும் கள்ள என்பதோ கள்ளநோட்டு, கள்ளச்சந்தை, கள்ளச்சாராயம் என்று எல்லார் வாயிலும் புழங்குவது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாஸ்ட்ரானாவைத் தூக்கிப் போனது ஆட்கடத்தல், அது அப்படியே இருக்கட்டும். முள்ளோடைப் பாட்டிலும் கடத்தலாகவே இருக்கட்டும். அப்புறம், போதை 'மருந்து' என்று எழுதுகிறவர்களை இன்னொரு நாள் கவனித்துக்கொள்கிறேன்.

நண்பர் உள்ளே எல்லாவற்றையும் திருத்திவிட்டார். தலைப்பில் மட்டும் 'கடத்தல்' அப்படியே இருந்தது. கேட்டேன்; இடம் போதவில்லையாம். கடத்தலுக்கு ஐந்து எழுத்து, கள்ளவணிகத்துக்கு ஏழு.