நெய்வேலியில அடியில இருந்து முட்டுற தண்ணி
மலேசியாவுல எங்க பெஸ்தாரி ஜெயாவுல, பழைய ஆளுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான், ஒரு தம்பி வாட்சாப்ல கேட்டாரு: "அண்ணே, நெய்வேலி நிலக்கரி கம்பெனி ராப்பகலா தண்ணி இறைக்குதாமே, மழைத் தண்ணியா?"

மழைத் தண்ணியும் உண்டு, ஆனா பெரிய தலைவலி வேற.

முதல்ல சுருக்கமா. கடலூர் மாவட்டத்துல 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல கிணறு போடுறப்ப கருப்பா ஏதோ மேல வந்துச்சு, அதான் பழுப்பு நிலக்கரி. 1956ல இந்திய அரசு கம்பெனி ஆரம்பிச்சது, இப்ப பேரு என்எல்சி இந்தியா. இந்தக் கரியில கிட்டத்தட்ட பாதி ஈரம், தூரமா ஏத்திட்டுப் போனா தண்ணிக்குத்தான் லாரி வாடகை குடுக்கணும், அதனால பக்கத்துலயே எரிச்சு நீராவி, டர்பைன், கரண்ட். இங்க மலேசியாவுல நம்ம பத்து ஆராங் நிலக்கரி சுரங்கத்தை 1960ல மூடிட்டாங்க, இப்ப காப்பார் அனல்மின் நிலையத்துல எரியுறது கப்பல்ல வர்ற கரி.

இப்ப விஷயத்துக்கு வரேன். கரிப் படுகைக்கு அடியில மணல் அடுக்கு, அது முழுக்க தண்ணி. அந்த மணல் தள்ளி மேடான இடத்துல தரைக்கு வெளிய தலைகாட்டுது, மழை அங்க உள்ள எறங்கி சரிவுல ஓடி வந்து கரிக்கு அடியில மாட்டிக்குது, மேல ஏற வழி இல்ல. அதனால சதுர சென்டிமீட்டருக்கு 6ல இருந்து 8 கிலோ வரைக்கும் மேல பாத்து முட்டுது, அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 60, 80 டன்! மேல மண்ணு, பாறைன்னு மொத்தமா கிடக்குற வரைக்கும் அந்த எடை அமுக்கி வெச்சிருக்கும். சுரங்கம்னா அந்த மண்ணைத்தானே அள்ளுறோம்? அள்ளின பிறகு மிச்சம் இருக்குறது கரி மட்டும், 15 மீட்டர் கனம்னு வெச்சுக்குங்க, சதுர மீட்டருக்கு 17, 18 டன்தான் வரும். கொதிக்கிற பானை மூடி மேல இருந்த கல்லை எடுத்த கதைதான், கரியைப் பொத்துக்கிட்டு தண்ணி குழிக்குள்ள பாஞ்சிடும்.

அதுக்காக மணலையே காய வைக்கணுமான்னா தேவையே இல்ல, எனக்கு ரொம்பப் புடிச்ச எடம் இதுதான். சுரங்கத்தைச் சுத்தி ஆழ்குழாய் போட்டு இறைச்சிக்கிட்டே இருந்தா அந்த எடத்துல அழுத்தம் மட்டும் எறங்கிடும், மணல் பாட்டுக்கு ஈரமாவே கிடக்கும். ஆனா இறைக்கிறத நிறுத்தினா சுத்துப்பக்கத்துத் தண்ணி வந்து அழுத்தம் பழையபடி ஏறிடும், அதான் தீபாவளிக்கும் பம்புக்கு லீவு கிடையாது.

1950கள்ல சோதனைக்கு இறைச்சுப் பாத்து, அளந்து, அப்புறந்தான் பெருசா எறங்குனாங்க. இங்க இன்னும் உள்ளங்கையில தேங்காய வெச்சு தண்ணி பாக்குறவருக்கு வெத்தலை பாக்கோட காசு குடுக்குறாங்க, நிலத்தியல் படிச்ச பையனுக்கு வேலை இல்ல, எரிச்சலா வருது லா.

இறைச்ச தண்ணி அனல்மின் நிலையத்துக்குப் போகுது, சென்னைக்குக் குடிக்கவும் போயிருக்கு. சுத்துப்பட்டு விவசாயிங்க எங்க கிணத்துல தண்ணி கீழ போச்சேன்னு கோவப்படுறாங்க, இறைக்க இறைக்க சுத்துலயும் அழுத்தம் எறங்கும்ல, அதனால அந்தக் கோவத்துல ஞாயம் இருக்கு.