டேஷ்கேமில் ஜிபிஎஸ் ஏன் விட்டுவிட்டு வருகிறது?

வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேமின் திரையில் ஜிபிஎஸ் குறி மினுக்கிக்கொண்டே இருந்தால் பலரும் முதலில் சந்தேகப்படுவது உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் சில்லைத்தான். பெரும்பாலும் அதில் ஒரு குறையும் இருக்காது. சார்ஜர், கேபிள், முன்கண்ணாடி, சில நேரம் கேமராவே கூட அதன் வேலையைக் கெடுக்கும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் சிக்னல் தரையைத் தொடும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அளவுக்கே மிஞ்சுகிறது. ரிசீவரின் சொந்த வெப்ப இரைச்சலே அதைவிடப் பலம். செயற்கைக்கோள் எந்தக் குறியீட்டை அனுப்பும் என்பது ரிசீவருக்கு முன்பே தெரியும். அதனால்தான் இரைச்சலுக்கு அடியிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்க முடிகிறது. ஆனால் ஆன்டெனாவிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி கேமரா சென்சார், மெமரி, எஸ்டி கார்டு எல்லாம் வேகமாகத் துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சலில் கொஞ்சம் அந்த அலைவரிசையில் விழுந்தாலும் போதும், ரிசீவர் திணறிவிடும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னல் தரத்தையும் டெசிபல்-ஹெர்ட்ஸில் காட்டும். (ஐஃபோனில் முடியாது. அந்த விவரத்தை ஆப்பிள் செயலிகளுக்குக் கொடுப்பதில்லை.) வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, டேஷ்கேமை அணைத்துவிட்டு, ஃபோனை அதை ஒட்டிப் பிடியுங்கள். நல்ல செயற்கைக்கோள்கள் 35 முதல் 45 வரை காட்டும். இப்போது கேமராவை ஆன் செய்யுங்கள். எல்லா எண்களும் ஒன்றுபோல ஏழெட்டு இறங்கினால் இரைச்சல் இருப்பது உறுதி. அடுத்து சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இருக்கும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பேங்கிலிருந்து கேமராவுக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். எண்கள் ஏறினால் குற்றவாளி சார்ஜர். ஏறாவிட்டால் பின்கேமரா கேபிளைக் கழற்றிப் பாருங்கள். கவசம் சரியில்லாத கேபிள் நல்ல ஆன்டெனா போலவே இரைச்சலை வீசும். அதற்கும் மசியாவிட்டால் கேமராதான் கத்துகிறது.

சார்ஜர் என்று தெரிந்தால் மாற்றிவிடுங்கள், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரைச்சலை அடக்கக் கேபிளில் மாட்டும் ஃபெரைட் கிளிப்பை எல்லாரும் சிபாரிசு செய்வார்கள். கேமரா முனைக்குப் பக்கத்தில் மாட்டினால் ஓரளவு உதவும். ஆனால் விற்பனையில் கிடைக்கும் பல ஃபெரைட்டுகள் இதைவிட மிகக் குறைந்த அலைவரிசைகளுக்கானவை, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இடைவெளிதான் உண்மையான மருந்து. கேமராவில் வெளி ஜிபிஎஸ் மாட்யூல் பொருத்த வழி இருந்தால், அதை 20–30 செ.மீ. தள்ளி ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் சதுரப் பீங்கான் ஆன்டெனா வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாக ஒட்டினால் பாதிப் பயன் போய்விடும். மிச்சக் கேபிளைச் சுருட்டி ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைப்பதும் தவறு. பக்கத் தூண் வழியாகக் கேபிளைக் கீழிறக்கும்போது, உள்ளே பக்கவாட்டில் திரைபோல விரியும் ஏர்பேக் இருந்தால் கேபிள் அதன் பின்னால் போக வேண்டும், குறுக்கே வரக்கூடாது.

கேபிளின் தடிமனையும் பாருங்கள், வோல்ட் குறைந்தால் கேமரா தடுமாறும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. 28 கேஜ் கம்பியில் 3.5 மீட்டர் கேபிள் என்றால் போக வர 7 மீட்டர், சுமார் 1.5 ஓம். 1 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட்டில் 1.5 வோல்ட் வழியிலேயே காலி. 22 கேஜில் இழப்பு 0.4 வோல்ட்டுக்கும் குறைவு.

கண்ணாடிக்கு வருவோம். வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு உள்ள முன்கண்ணாடிகளும், உலோகம் கலந்த சன் ஃபிலிம்களும் ஜிபிஎஸ் அலையையும் தடுக்கும். செயலியை வைத்து வண்டிக்கு வெளியே ஒருமுறை, டேஷ்போர்டில் ஒருமுறை பாருங்கள். சில டெசிபல் வித்தியாசம் சகஜம். பத்தைத் தாண்டினால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே வருகிறது. இத்தகைய கண்ணாடிகள் பலவற்றில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளால் சூழப்பட்ட ஒரு பூச்சில்லாத இடம் இருக்கும். டோல் அட்டைக்காக விட்டது. ஜிபிஎஸ்ஸுக்கும் அதுவே இடம்.

"ஃபோனில் உடனே வருகிறதே, இதில் ஏன் வரவில்லை?" என்று கேட்பவர்கள் உண்டு. செயற்கைக்கோளின் துல்லியமான பாதை விவரத்தை ஃபோன் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சிம் இல்லாத டேஷ்கேம் அதை வானத்திலிருந்தே படிக்க வேண்டும். விநாடிக்கு 50 பிட் வேகத்தில், 30 விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும் செய்தியில், தேவையான பகுதி மட்டும் 18 விநாடி. நடுவில் பாலமோ மரமோ மறைத்து ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களிடமிருந்து இது கிடைத்தாக வேண்டும். வடபழனியில் மெட்ரோ பாலத்தை ஒட்டி நூறடிச் சாலையில் ஊர்ந்துகொண்டே முதல் இணைப்பைப் பிடிப்பது கஷ்டம்.

இன்னொன்று: பிடித்த சிக்னலைத் தொடர்வதைவிடப் புதிதாகப் பிடிப்பதற்கு வலுவான சிக்னல் வேண்டும். பரவலாகப் புழங்கும் யு-ப்ளாக்ஸ் நியோ-6 சில்லில் இந்த வித்தியாசம் 14 டெசிபல், சுமார் 25 மடங்கு. ஒருமுறை பிடித்தபின் ஊரெல்லாம் சரியாக ஓடும் கேமரா, அடுத்த நாள் காலையில் அடித்தள பார்க்கிங்கிலிருந்து கிளம்பியதும் வெகுநேரம் தேடுவது இதனால்தான். வெளியே வந்து திறந்த இடத்தில் ஓரிரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். பாதை விவரம் சுமார் நான்கு மணி நேரமே செல்லும், ஆகவே காலையில் அரை நிமிடத் தாமதம் கோளாறல்ல. தினமும் பல நிமிடம் ஆனால், நேரத்தையும் பழைய விவரத்தையும் காத்து வைக்கும் குட்டி பேட்டரி வெயிலில் காய்ந்து செத்திருக்கலாம். கேமராவின் தேதியும் கூடவே அழிந்துபோனால் சந்தேகமே வேண்டாம்.

எப்போதுமே கிடைக்காவிட்டால் மெனுவில் ஜிபிஎஸ் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேக்டரி ரீசெட்டுக்குப் பின் அது அணைந்திருக்கலாம். அடுத்து மவுண்ட், அதாவது கேமராவைக் கண்ணாடியில் பிடித்து வைக்கும் தாங்கி. பல மாடல்களில் ஜிபிஎஸ் மவுண்டிற்குள் இருக்கிறது, சிறு உலோக ஊசிகள் வழியாகத்தான் கேமராவோடு பேசுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஊசிகள் சமமாக எழும்புகின்றனவா என்று கவனியுங்கள்.

வேகமும் இடமும் சரியாக இருந்து தேதி மட்டும் சுமார் 19 வருடம் 7 மாதம் பின்னால் காட்டினால் கதை வேறு. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அப்படித் திரும்பியது உலக நேரப்படி 2019 ஏப்ரல் 6 முடியும் நள்ளிரவில். பழைய ஃபர்ம்வேர்கள் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) அதில் ஏமாறும், சில மாடல்கள் வேறு தேதிகளிலும் ஏமாறும். அதற்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால்தான் உண்டு, ஆன்டெனாவை மாற்றிப் பயனில்லை.