ஷோரூமில் எந்த பைக்கும் வலிக்காது

போன மாதம் என் கிளினிக்குக்கு ஒரு தம்பி வந்தார், வயது 29. கோயம்புத்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே மூச்சில் ஓட்டிப் போய், மறுநாளே திரும்பியவர். வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் ஒரு தாளைக் கொடுத்து, சாவியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நான் லேசாக இழுத்ததுமே தாள் உருவிக்கொண்டு வந்துவிட்டது. அவருக்கே முகம் மாறிப்போனது. முழங்கையிலிருந்து உள்ளங்கையின் ஓரமாக விரல்களுக்கு ஓடும் அல்நார் நரம்பு, ஹேண்டிலில் மணிக்கணக்காக அழுந்தி, அதிர்வும் வாங்கி, சோர்ந்து போயிருந்தது. சில வாரங்களில் சரியாகிவிட்டது, ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இதை எழுத வைத்தது. "டெஸ்ட் ரைடுல ஒண்ணுமே தெரியலைங்க, சீட்டு மெத்து மெத்துன்னு இருந்துச்சு."

டெஸ்ட் ரைடு என்றால் ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை போய் யு டர்ன் அடித்துத் திரும்புவது. பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எந்த பைக்கும் வலிக்காது, ஏனென்றால் எப்படி உட்கார்ந்தாலும் முதலில் சுமையைத் தாங்குவது தசைகள். அவை முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் என்று தாக்குப்பிடித்துவிட்டு மெல்லத் தளர்கின்றன, அதன் பிறகு சுமை தசைநார்கள், முதுகெலும்பின் வட்டுகள், எலும்பு முனைகள், நரம்புகள் என்று ஒவ்வொன்றாக இறங்குகிறது. நீண்ட பயணத்துக்கு பைக் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டாவது, மூன்றாவது மணி நேரத்தில் உடம்பு எப்படி இருக்கும் என்பதை. கையெழுத்துப் போடும் முன்பு அதை நாம் யாரும் பார்ப்பதே இல்லை.

பிசியோதெரபிஸ்ட்டாகப் பதினான்கு வருடம் ஆகிறது, நானும் பைக்கில் ஊர் சுற்றுகிறவன்தான். எந்த பைக் நல்லது என்று கேட்டால் முதலில் உங்களைத்தான் அளந்து பார்ப்பேன். சி.சி., டார்க், மைலேஜ் எல்லாம் அப்புறம். உடம்பு பைக்கைத் தொடுவது மூன்று இடத்தில், சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில். இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள தூரமும் கோணமும்தான் உங்கள் இடுப்பு, மணிக்கட்டு, கழுத்து மூன்றின் கதையையும் தீர்மானிக்கின்றன.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாயாமல் உட்காருங்கள். இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி, எதிரே ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்பின் நடுவில் வைத்துப் பாருங்கள். இயல்பாக உள்ளே வளைந்திருக்க வேண்டிய அந்த இடம் வெளியே வளைந்து, வில் மாதிரி உருண்டிருக்கும். இப்போது கால்களை இழுத்து, பாதம் முழங்காலுக்கு நேர் கீழே வருகிற மாதிரி ஊன்றுங்கள். கையை எடுக்காமலே முதுகு நிமிர்வது தெரியும். இன்னொன்றும் கவனியுங்கள். முதல் நிலையில் உங்களால் எழுந்திருக்க முடியாது, இரண்டாவதில் முடியும்.

கால் முன்னால் நீட்டி ஓட்டும் க்ரூஸர் பைக்குகளைப் பற்றி நான் எச்சரிப்பது இதனால்தான். பார்க்க சோபா மாதிரி இருக்கும், "லாங் ரைடுக்குன்னே செஞ்சது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அகலமான, நேரான, பள்ளமில்லாத சாலைகள் நீண்டு கிடக்கும் நாட்டில் அது சரியாகவே இருக்கலாம். நம் ஊரில் நான்கு வழிச்சாலையை விட்டு இறங்கிய மறு நிமிடமே வேகத்தடை, அதுவும் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. பாதம் உடம்புக்குக் கீழே இருந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி லேசாக எழுந்துகொள்வோம், அடியைத் தொடையும் முழங்காலும் வாங்கிக்கொள்ளும். கால் முன்னால் இருந்தால் எழவே முடியாது, அந்தக் குத்து நேராக வால் எலும்பிலும் ஏற்கெனவே உருண்டு நிற்கிற இடுப்பிலும் இறங்குகிறது. ஒரு நாள் பயணத்தில் எத்தனை வேகத்தடை என்று எண்ணிப் பாருங்கள்.

அதற்காக க்ரூஸரே கூடாது என்று சொல்லவில்லை. முழங்காலை அதிகம் மடக்கினால் வலிக்கிறவர்களுக்கு அது உண்மையிலேயே நிம்மதி. உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டு பாதமும் தரையில் படியும் தைரியம் கிடைக்கிறது. இடுப்பில் பழைய வலி உள்ளவர், டிஸ்க் விலகல் என்று ஸ்கேனில் எழுதி வாங்கியவர் மட்டும் தயவுசெய்து தோற்றத்துக்கு மயங்கி முடிவெடுக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் குனிந்து ஓட்டும் ஸ்போர்ட்ஸ் பைக்குகள். உடம்பின் மேல்பாதி எடை மணிக்கட்டில் விழும், பார்வை சாலையில் இருக்க வேண்டும் என்பதால் கழுத்து பின்னால் மடங்கியே இருக்கும். நல்ல வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக் கொஞ்சம் சுமையைக் குறைக்கும், ஆனால் ஊருக்குள் ஐம்பதில், அறுபதில் ஊர்ந்தால் மொத்தமும் கைக்குத்தான். நீண்ட பயணத்துக்கு இது வேண்டாம் என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

பெரும்பாலான உடம்புகளுக்கு ஒத்துவருவது நடுவாந்திர நிலை. முதுகு நிமிர்ந்து, மிகக் கொஞ்சமாக முன்னால் சாய்ந்து, முழங்கை தளர்வாக மடங்கி, பாதம் ஏறக்குறைய இடுப்புக்கு நேர் கீழே. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹோண்டா சிபி350 மாதிரியான சாதாரண ரோட்ஸ்டர்களிலும், ஹிமாலயன் 450, சுஸுகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் மாதிரியான அட்வென்ச்சர் பைக்குகளிலும் இருப்பது இந்த வகை உட்காரும் நிலைதான். இவற்றில் எது உங்களுக்கு என்பதைக் கால் நீளம் சொல்லும்.

கால் நீளத்தை அளக்க, வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டில் நன்றாக ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்துப் பாருங்கள். அந்த அளவை பைக்கின் சீட் உயரத்தோடு ஒப்பிடுங்கள். ராயல் என்ஃபீல்டின் க்ரூஸரான மீட்டியோர் 350-யின் சீட் உயரம் 765 மி.மீ., கிளாசிக் 350-க்கு 805, வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸுக்கு 835, ஹிமாலயன் 450-ல் 825-லிருந்து 845 வரை மாற்றலாம். எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சீட்டின் முன்பகுதி ஒல்லியாக இருந்தால் உயரமான பைக்கிலும் கால் எட்டும், அகலமாக இருந்தால் தாழ்வான பைக்கிலும் நுனிக்காலில் நிற்பீர்கள். இரண்டு குதிகாலும் தரையில் படிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு முன்பாதமும் உறுதியாக ஊன்றினால் போதும்.

அதோடு எடையையும் சேர்த்துப் பாருங்கள். கிளாசிக் 195 கிலோ, வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் 167 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மலைச்சாலை ஓரத்தில் டீக்கடை முன் சரிவில் நிறுத்திவிட்டு, பெட்டியோடு பின்னால் தள்ளி எடுக்கும்போதுதான் தெரியும். விழப்போகும் பைக்கை ஒற்றைக் காலில் தாங்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை ஒவ்வொரு கோடை விடுமுறைக்குப் பிறகும் பார்க்கிறேன்.

சீட் மெத்தைக்கு வருவோம். மர பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு கைகளையும் பிட்டத்துக்குக் கீழே வைத்து முன்னும் பின்னும் ஆடிப் பாருங்கள், இரண்டு எலும்பு முனைகள் கையில் தட்டுப்படும். உட்காரும்போது எடையைச் சுமக்கவே அமைந்த எலும்புகள் அவை. மெத்தை மிகவும் மென்மையாக இருந்தால் இந்த முனைகள் அதைத் துளைத்துக்கொண்டு அடித்தட்டு வரை போய்விடும், எடை பரவாமல் சுற்றியுள்ள சதையையும் நடுப்பகுதியின் நரம்புகளையும் நசுக்கும். கொஞ்சம் இறுக்கமான, பின்பக்கம் அகலமான, முன்னால் வழுக்கிக்கொண்டு போகாத சீட்தான் மூன்றாவது மணி நேரத்தில் கைகொடுக்கும். ஷோரூமில் விரலால் அமுக்கிப் பார்த்து "சாஃப்ட்டா இருக்கு" என்று சந்தோஷப்படாதீர்கள். பைக் எல்லா விதத்திலும் பிடித்திருந்து சீட் மட்டும் சரியில்லை என்றால் கவலை இல்லை, நல்ல சீட் தைப்பவரிடம் கொடுத்து ஃபோமை மாற்றிக்கொள்ளலாம். ஃபுட்ரெஸ்ட் இருக்கும் இடத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

அதிர்வைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போதும். டெஸ்ட் ரைடில் கெஞ்சியாவது பைபாஸ் வரை போய், நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், எண்பதோ தொண்ணூறோ, ஐந்து நிமிடம் நிலையாகப் பிடித்துக்கொண்டு சைடு மிரரைப் பாருங்கள். பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிந்தால் நல்லது. எல்லாம் கலங்கித் தெரிந்தால் அந்த நடுக்கம் உங்கள் உள்ளங்கைக்கும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இது உச்சத்துக்குப் போகும். அந்த வேகமும் நீங்கள் விரும்பி ஓட்டும் வேகமும் ஒன்றாக இருந்தால், மற்றவர்கள் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்த பைக் உங்களுக்கு ஒத்துவராது.

முதல் பத்தியில் சொன்ன தம்பிக்கு பைக்கை மாற்றச் சொல்லவில்லை. கிளினிக் வாசலிலேயே பைக்கில் உட்கார வைத்துப் பார்த்தேன். ஹேண்டிலில் உள்ள பிரேக், கிளட்ச் லிவர்கள் தரைக்கு இணையாக நின்றன, அதை எட்டிப் பிடிக்க அவர் மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கியே ஓட்டியிருக்கிறார். முன்கையின் நேர்கோட்டிலேயே விரல்கள் லிவரில் போய் விழுகிற மாதிரி அதைச் சற்றுக் கீழே இறக்க மெக்கானிக்கிடம் சொன்னோம். பத்து நிமிட வேலை, காசும் வாங்கவில்லை. பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் அவர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. தனியாகப் போக ஒரு படி, ஆளும் பெட்டியும் ஏற்றினால் வேறு படி என்று மாற்றிக்கொள்ளத்தான் அந்த வசதியே இருக்கிறது. டெலிவரி எடுக்கும் அன்றைக்கே இந்த இரண்டையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

காற்றுத்தடுப்புக் கண்ணாடி நல்லதுதான், ஆனால் அதன் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று சரியாக ஹெல்மெட்டில் மோதினால் தலை ஓயாமல் ஆடி, சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். அந்த உயரத்தையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். முதுகுப்பையைத் தோளில் மாட்டாதீர்கள், பின் சீட்டில் கட்டிவிடுங்கள்.

பின்னால் உட்காரப் போகிறவரை ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மிகக் குறைவு, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. மனைவியோ அம்மாவோ பாதி நாள் அந்தச் சின்னப் பின் சீட்டில் உட்காரப் போகிறார். பின் ஃபுட்ரெஸ்ட் மிக உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கியே கிடக்கும், பிடிக்கக் கம்பி இல்லாவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவருடைய இடுப்புத்தசைதான் பிரேக் பிடிக்கும். ஒருபக்கமாக உட்கார்ந்து போவது ஊருக்குள் கடைக்குப் போக சரி. நூறு கிலோமீட்டர் அப்படிப் போனால் இடுப்பு முறுக்கிய நிலையிலேயே குலுக்கல் வாங்குகிறது, விழுந்தால் ஆபத்தும் அதிகம். நீண்ட பயணத்துக்குச் சுடிதாரோ பேண்டோ போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். பின் சீட்டில் அவர் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிற தீர்ப்புக்கு உங்கள் தீர்ப்புக்குச் சமமான மதிப்பு கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பயணத்துக்குப் பிறகு வருகிற சாதாரண அலுப்பும் பிடிப்பும் ஓரிரு நாளில் குறைந்துவிடும். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மின்சாரம் மாதிரி இழுத்தாலோ, விரல் மரத்தது ஓரிரு நாளாகியும் விடாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தொடைகளின் உள்பக்கமும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது அடக்க முடியாமல் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவே மருத்துவமனைக்குப் போங்கள். தைலம் தேய்த்துப் படுத்துவிட்டு மூன்று நாள் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, லட்சக்கணக்கில் பணம் கட்டும் முன் சில ஆயிரம் செலவு செய்யுங்கள். நீங்கள் குறிவைத்திருக்கும் மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள், பெரிய ஊர்களில் இப்போது கிடைக்கிறது. நண்பரிடம் இருந்தால் பெட்ரோல் போட்டுக் கேளுங்கள். கோவைக்காரர்களுக்கு நான் சொல்வது வால்பாறை, போக நூறு கிலோமீட்டர் சுமார். பொள்ளாச்சி வரை நேர்ச்சாலை, ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒரே நாளில் உடம்புக்கு இரண்டு விதப் பரீட்சையும் முடிந்துவிடும். பையைக் கட்டிக்கொண்டு, பின்னால் வருகிறவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு மணி நேரமும் இறங்கித் தண்ணீர் குடிக்கும்போது எங்கே வலிக்கிறது என்று போனில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்ததும், பல் தேய்க்கப் போவதற்கு முன்பே, கடைசி வரியையும் எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்போடு ஷோரூமுக்குப் போங்கள்.