கெயில் பைப்பும் அந்த 20 மீட்டர் கணக்கும்

கொச்சிலேர்ந்து பெங்களூருக்கு கேஸ் கொண்டுபோற, கெயில்ங்கற மத்திய அரசு கம்பெனியோட பைப்லைன் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு 7 மாவட்டத்துல தோட்டத்துக்கு நடுவுலயே வரும்னு தெரிஞ்சப்போ கொங்கு விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. ஹைவே ஓரமா கொண்டுபோங்கன்னு 2013ல தமிழக அரசும் சொல்லுச்சு, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 2016 பிப்ரவரில கம்பெனி பக்கம் முடிஞ்சுது.

இந்த மாதிரி பெரிய லைன்ல பிரஷர் 90 பார் வரைக்கும் இருக்கலாம், கார் டயர்ல இருக்குறது 2 பார் சொச்சம் தான். அவ்ளோ அழுத்தத்தை தாங்குற ஸ்டீலுக்கு பெரிய எதிரி துரு. அதனால மேல பிளாஸ்டிக் கோட்டிங், அதுல எங்கயாவது கீறல் விழுந்தாலும் ஸ்டீல் அரிக்காம இருக்க பைப்புக்கு லேசா டிசி கரண்ட் குடுப்பாங்க, பைப்புக்கு பதிலா, தள்ளி புதைச்சிருக்குற 'ஆனோடு'ங்கற துண்டு அரிச்சுப் போகும். லைன் போற வழில வயலோரம் ஒயர் வச்ச சின்ன போஸ்ட் நிக்கும் பாருங்க, ஆள் வந்து அதுல மீட்டர் மாட்டி, மண்ணுல காப்பர் சல்பேட் எலக்ட்ரோடு ஒண்ண ஊனி, அந்த கரண்ட் போதுமான்னு தெரிய மைனஸ் 0.85 வோல்ட்டாவது இருக்கான்னு பாப்பாங்க.

மர வேர் அந்த கோட்டிங்கை கிழிச்சிடும், ரிப்பேர்னா ஜேசிபி உள்ள வரணும். அதனால தான் பெட்ரோலியம் பைப்லைனுக்குன்னு இருக்குற 1962 சட்டப்படி பைப் போற பட்டைல மரம் நடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது. இங்க அது 20 மீட்டர் அகலம். நிலம் உங்க பேர்லயே இருக்கும், சட்டத்துல சொன்ன நஷ்டஈடு சந்தை மதிப்புல 10 சதவீதம். தென்னந்தோப்பு வச்சிருக்கவருக்கு இது எப்படி கட்டுப்படியாகும்?

ஆனா அந்த 20 மீட்டர் பைப்பை காப்பாத்த போட்ட கணக்கு, பக்கத்துல குடியிருக்கவங்களுக்கு போட்டது இல்ல. பைப் வெடிச்சு தீப்பிடிச்சா எவ்ளோ தூரம் பாதிக்கும்னு பாக்க அமெரிக்கால ஒரு ஃபார்முலா வச்சிருக்காங்க: பிரஷரோட வர்க்கமூலம், அதை பைப்போட விட்டத்தாலயும் 0.69ஆலயும் பெருக்கணும் (பிரஷர் பிஎஸ்ஐல, விட்டம் இஞ்ச்ல, விடை அடில). 24 இஞ்ச் பைப், 90 பார் (சுமார் 1,300 பிஎஸ்ஐ)னு போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 600 அடி, அதாவது பைப்லேர்ந்து சுத்தி 180 மீட்டர் தூரம்! பைப் பட்டையோட நடுவுல போகுதுன்னு வச்சிக்கிட்டா 11வது மீட்டர்ல நீங்க தாராளமா வீடு கட்டலாம், அந்த சட்டம் தடுக்காது.

பயம் சும்மா வரல. 2014 ஜூன் 27 விடிகாலை, ஆந்திராவுல கோதாவரி டெல்டா பக்கம் நகரம்னு ஒரு கிராமம், அங்க போன கெயில் லைன் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. காய்ஞ்ச கேஸுக்குன்னு போட்ட பைப்ல ஈரமான கேஸ் போயிருக்கு. தண்ணியும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தா ஆசிட், அது அடில தேங்கி ஸ்டீலை உள்பக்கமா அரிக்கும். மேல சொன்ன கரண்ட் வெளிப்பக்கத்தை மட்டும் தான் காப்பாத்தும், உள்ளுக்குள்ள அதுக்கு வேலையே இல்ல. உள்ள பாக்கணும்னா 'பிக்'னு ஒரு கருவிய கேஸோட சேத்து தள்ளி விட்டு சுவர் எங்க மெலிஞ்சிருக்குன்னு அளந்துட்டு வர வைக்கணும்.

ஹைவே ஓரம்னா மட்டும் ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அங்க ரோட்டை அகலப்படுத்துறவன், கேபிள் போடுறவன்னு தோண்டிட்டே இருப்பாங்க. வீடு ஜாஸ்தி இருக்க இடத்துல பைப் சுவரை தடிமனா போடணும்னும் விதி இருக்கு. பைப் போட்டப்புறம் அங்க புதுசா வீடுங்க பெருகிட்டா ஒண்ணு பிரஷரை குறைக்கணும், இல்லன்னா அந்த துண்டை மாத்தணும், ரெண்டுமே கம்பெனிக்கு செலவு தான்.