பாசிக்குடாவில் சிலை இறக்கினால் முருகைக்கல் வளருமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கடலுக்குள்ள சிலை வச்சா அதில முருகைக்கல் வளருமாம். நம்மட பாசிக்குடாவிலயும் வைக்கலாமா சேர்?"

ஜேசன் டிகெயர்ஸ் டெய்லர் என்ற பிரித்தானியச் சிற்பி 2006இல் கரீபியன் தீவான கிரெனடாவில் தொடங்கிய வேலை அது. பிறகு மெக்சிக்கோவின் கன்கூனில் நூற்றுக்கணக்கான சிலைகளை இறக்கினார். கலை விமர்சனம் எனக்கு வராது. என்னை இழுப்பது அந்தச் சிலைகளின் தோல்.

சாதாரண சீமெந்து நீரோடு சேர்ந்தால் கல்சியம் ஐதரொட்சைட்டு உண்டாகும். புதுக் கொங்கிறீற்றின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7க்கு மேல் காரம்) 12ஐத் தாண்டிவிடும். கடல் நீருக்கோ ஏறத்தாழ 8.1தான். இவ்வளவு காரத்தில் கடலுயிர்கள் எளிதில் ஒட்டமாட்டா. ஆகவே அவர் காரம் குறைந்த சீமெந்தில் வார்த்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுகிறார். சிற்பியின் வேலை அத்தோடு முடிந்தது.

இனி வருவது குடம்பி. முருகை உயிரியின் குஞ்சு. பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர்கூட இராது. மூளை இல்லை, கண் இல்லை. உடல் முழுக்கப் பிசிர்கள், நீந்த உதவும் நுண்மயிர்கள். சில நாள் நீரோடு அலைந்தபின் கீழே இறங்கி, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப்போல ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்க்கும். அது தேடுவது வேதிச் சைகைகளை: பாறையில் படிந்த பற்றீரியாப் படலம், இளஞ்சிவப்பாகப் படரும் சுண்ணாம்பு அல்கா என்ற பாசி. சில இனங்கள் ஓசையையும் உணர்கின்றன. கரீபியன் முருகைக் குடம்பிகள் பாறைத்தொடரின் இரைச்சலை நோக்கி நீந்துவதை 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மீன் பாடும் மட்டக்களப்பு ஊர்க்காரருக்கு இது வியப்பாக இராது!

இடம் பிடித்தால் ஒட்டிக்கொண்டு பொலிப்பாக, அதாவது வாயைச் சுற்றி உணர்கொம்புள்ள குட்டி உயிராக, உருமாறும். அதன் அடிக்கும் பாறைக்கும் இடையே மெல்லிய இடுக்கு. அதற்குள் கல்சியம் அயன்களைப் பம்பி ஏற்றி, ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது. இடுக்கினுள் பிஎச் உயர, கடல் நீரிலுள்ள இருகாபனேற்று காபனேற்றாக மாறி, கல்சியத்தோடு சேர்ந்து அரகோனைற்று என்ற சுண்ணாம்புப் பளிங்காகப் படிகிறது. நம் கரையில் ஒருகாலம் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய கல் இப்படித்தான் உருவானது. சூளைக்கு விறகு வேண்டும். இதற்கு வேண்டிய சக்தியைத் திசுவுக்குள் வாழும் அல்காக்கள் வெயிலிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன.

அதனால்தான் ஆழம் முக்கியம். 1942 ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பாறை கட்டும் முருகைகள் பலவற்றுக்கு அங்கே வெளிச்சம் போதாது.

பாசிக்குடாவில் வெளிச்சம் தாராளம். ஆனால் 1998இல் கடல் சூடேறியபோது, முருகைகள் அல்காக்களை வெளியேற்றி வெளிறிப் பெருமளவில் செத்தன. சிலை வைத்தால் நீர் குளிர்ந்துவிடாது. (கடலம்மா கோபிப்பா என்ற பேச்சையும் விடுங்கள். 2004இல் அலை வந்தது சுமாத்திரா அருகே நிலத்தட்டு நழுவியதால்.)

என்னைக் கேட்டால், சிலைக்கு முன் ஓட்டுத்துண்டு. சுட்ட களிமண் ஓடுகளைக் கடலடியில் பல மாதங்கள் பொருத்திவைத்து, எடுத்து, ஒட்டிய குஞ்சுகளை உருப்பெருக்கியில் எண்ணுவது ஆய்வாளரின் பழைய முறை. குடம்பியே வராத கடலில் சிலை வெறும் பாரம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் படகுச் செலவைக் கொடுத்தால் அவர்களே எண்ணித் தருவார்கள். என்ன, ஓட்டுத்துண்டுக்கு நாடா வெட்ட எந்த அமைச்சரும் வரமாட்டார்.