வெள்ளைக் கழிச்சல்

கோழிகளைக் கொல்லும் இந்த நோய்க்குக் கால்நடை மருத்துவமனைச் சீட்டில் 'ராணிக்கெட்' என்று இருக்கும். புதுவயல் பக்கம் அந்தப் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை. "கோழிக்குக் கழிச்சல் கண்டிருச்சு" என்பார்கள். கொஞ்சம் விவரமாகச் சொன்னால் வெள்ளைக் கழிச்சல்.

ராணிக்கெட் ஓர் ஊர். உத்தராகண்டின் குமாவுன் மலையில் இருக்கிறது. 'ராணியின் வயல்' என்று பொருள். 1920-களின் கடைசியில் அங்கே கோழிகள் கூட்டமாகச் செத்தபோது நோய்க்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குச் சற்று முன், 1926-இல், இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதும் இதே நோய்தான். அதனால் உலகம் நியூகாசில் நோய் என்கிறது. நாம் ராணிக்கெட் என்கிறோம். இரண்டு பெயரும் நோயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நம் சொல் சொல்கிறது. கழி என்ற வினையோடு, காய்ச்சல், மேய்ச்சல் போன்ற சொற்களில் வரும் அதே ஈறு சேர்ந்து கழிச்சல் ஆனது. கழிவு, கழிப்பறை எல்லாம் அந்த வேர்தான். ராணிக்கெட்டுக்குக் 'கோழிக் கழிச்சல்' என்பதே சரியான தமிழ் என்பேன். அரசுத் தடுப்பூசி முகாம்களும் அப்படித்தான் எழுதுகின்றன.

'வெள்ளை' என்ற அடைமொழிதான் எனக்கு உறுத்தல். ராணிக்கெட்டில் எச்சம் பல சமயம் பச்சை கலந்தே போகும். குஞ்சுகளுக்கு சால்மோனெல்லா பாக்டீரியாவாலும் வெள்ளையாகக் கழியும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது. கழுத்து திருகிக்கொண்டு, இறக்கை தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ராணிக்கெட் சந்தேகம் வலுக்கும். இந்த வைரஸ் குடல், மூச்சுக்குழாய், நரம்பு மூன்றையும் தாக்கக்கூடியது.

இன்னொரு சொல்லும் பார்க்க வேண்டும். ஒரே கோழியில் இரண்டு மூன்று கிருமிகள் சேர்ந்து தாக்குவதைக் 'கலப்புத் தொற்று' என்றும் 'கூட்டுத் தொற்று' என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் கூட்டுதான் பொருத்தமாகப் படுகிறது. பாலில் தண்ணீர் கலந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கிருமிகள் அப்படி ஆவதில்லை. தனித்தனியாக இருந்து ஒன்றுக்கு ஒன்று வழிவிடும். கூட்டுக் களவாணி என்கிறோமே, அந்தக் கூட்டு. கம்போரோ வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது குஞ்சின் எதிர்ப்புச் சக்திக்கு ஆதாரமான சிறு பையை அழிக்கும். அப்புறம் ராணிக்கெட் தடுப்பூசி போட்டாலும் சரியாகப் பிடிக்காது. ஈ. கோலி போன்ற பாக்டீரியாக்களும் எளிதாக நுழைந்துவிடும்.

போன வருஷம் எங்கள் சின்னம்மா வீட்டில் இரண்டு மாதக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. காலையில் செத்த ஒன்றைப் புதைக்காமல் பையில் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் அறுத்துக் காட்டினார். முன் இரைப்பையின் உள்சுவரில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள், அது ராணிக்கெட். குருட்டுக்குடலைக் கீறினால் உறைந்த ரத்தம். அது ரத்தக் கழிச்சல், காக்சிடியா ஒட்டுண்ணியின் வேலை.

"அப்ப ரெண்டு சீக்காங்கய்யா?"

"ரெண்டும்தாம்மா. ரத்தக் கழிச்சலுக்குத் தண்ணீல கலக்க மருந்து தர்றேன். மத்ததுக்கு மருந்து இல்ல, வர்றதுக்கு முன்னாடி போடுற ஊசிதான்."

சின்னம்மா மருந்துப் பொட்டலத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த குஞ்சுகளுக்கு ஊசி என்றைக்கு என்று அங்கேயே கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதச் சொன்னார்.